பஸ் சாம்பல்

புளிப்பு மாமாவிடம் ஏச்சு வாங்காத ஜீவராசி எங்கள் மலையில் கிடையாது. தோட்டத்துத் துரை, கோயில் பூசாரி, ஹட்டன் பஸ், காலில் ஏறும் அட்டை, எல்லோருக்கும் சமபங்கு.

மண்ணை நுனி நாக்கில் வைத்து, "புளிக்குது!" என்று துப்புவதால் வந்த பெயர் அது. றொசல்ல ஸ்டேஷனுக்குக் கீழே, தேயிலை பிடிக்காத ஓடையோரச் சதுப்பை வயலாக்கி நெல் போட்டிருந்தார். கடையில் உரம் கிடைக்காமல் போன வருஷம், "இனிமே நீ வந்தாலும் வேணாம், போ!" என்று உரத்தோடு கோபித்துக்கொண்டவர், மறுபடி அதைத் தொடவேயில்லை. காட்டுச் சூரியகாந்தித் தழையும் சாணமும் மட்டும்தான்.

சாணம் என்றால் சும்மாவா? கோணிச்சாக்கோடு மாட்டின் பின்னாலேயே நடப்பார். அது பாதி வழியில் வேலையை முடித்துவிட்டால் போச்சு. "ஏன்டி லெச்சுமி, நம்ம வயலு இருக்கையில தொரை ரோட்டுல போடுறியே, ஒனக்கு நன்றியிருக்கா?"

என் அக்கா கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளையின் பெரியப்பா ரசம் கேட்டபோது, பின்னாலிருந்து மாமாவின் குரல் வந்தது. "போதும் எந்திரிங்க, எருக்குழிக்கு எலை வேணும்!" அந்தச் சம்பந்தி வீட்டார் இன்றுவரை எங்களோடு சரியாகப் பேசுவதில்லை.

அப்போதுதான் புதுத் துரை வந்தார். மண் நன்றாயிருக்கிறது என்று விவசாயக் கந்தோர் ஆபீசரிடம் கடிதம் வாங்கி வந்தால் வயல் மாமாவுக்கு, இல்லாவிட்டால் அங்கே விறகு மரம் நடுவாராம். சேறாய்க் கிடந்த இடத்தை மண்ணாக்கியதே அந்த மனுஷன். அதற்கு ஒரு காகிதம் கேட்கிறார்கள்! இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு என்று பீற்றிக்கொண்டிருந்ததால் கந்தோருக்கு நானே போன் போட்டேன். "பஸ் சாம்பல் கேன்ட ஓன" என்றார் கந்தோர் ஐயா. சிக்னல் செத்தது. 'கேன்ட ஓன' என்றால் கொண்டுவர வேண்டும். மீதிதான் தமிழாயிற்றே!

"மாமா, சாம்பல பஸ்ஸுல கொண்டாரச் சொல்றாங்க."

"எதுக்குடா?"

"அதெல்லாம் கேக்கக் கூடாது மாமா. கவர்மென்டு."

லயத்து வீடுகளின் அடுப்பெல்லாம் சுரண்டி ஒரு மூட்டை சேர்த்தார். இருவரும் பஸ் ஏறினோம். வட்டவளை வளைவில் டிரைவர் பிரேக் அடித்ததும் மூட்டை வெடித்தது. பஸ் முழுக்க வெள்ளை. முன் சீட்டு அம்மா ஒருவர் கொஞ்சம் எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டு, "எந்தக் கோயிலுங்க?" என்றார். கண்டக்டர் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

கந்தோர் ஐயா மூட்டையைப் பார்த்துவிட்டு மேசையில் சாய்ந்து சிரித்தார். சிங்களத்தில் 'பஸ்' என்றால் மண்ணாம். 'சாம்பல்' என்றால் மாதிரியாம். எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

மாமா மேசையில் ஓங்கி அறைந்தார். "சிரிக்காதீங்க! இந்த மலைக்கெல்லாம் உரமாப் போனதே எங்க ஆளுங்கதான். எங்க மண்ணக் கேக்குறதுன்னா எங்க பாஷையில கேளுங்க! மண்ணுதானே வேணும்? இந்தாங்க!" காலைத் தூக்கி, விரலிடுக்கில் காய்ந்திருந்த வயல் சேற்றைச் சுரண்டி, ஐயாவின் வெள்ளைத் தாளில் வைத்தார்.

ஐயாவின் சிரிப்பு நின்றது. அடுத்த வாரம் அவரே வயலுக்கு வந்து மண் தோண்டி, கண்ணாடிக் குழாயில் கரைத்துப் பார்த்துவிட்டு, தெரிந்த தமிழில் சொன்னார்: "மண் நல்லம். கொஞ்சம் புளி. சாம்பல் போடுங்க."

"அடப்பாவி! அதத்தானே மூட்டையில கொண்டாந்தேன்!"

மாதக் கடைசியில் கடிதம் வந்தது. அதுவும் சிங்களத்தில்! இவர்களை என்ன செய்வது? எங்கள் லயத்திலேயே என்னைவிட நன்றாகச் சிங்களம் படிப்பவர்கள் நாலு பேர் இருந்தார்கள். மாமா அவர்கள் வாசலையெல்லாம் தாண்டி, உறையைப் பிரிக்காமலே என்னிடம் கொண்டுவந்தார்.

"எழுத்தெழுத்தாப் படிடா மடையா. அவசரமில்ல."

வயல் அவருக்குத்தான் என்று படித்துச் சொன்னேன். உலகத்தையே ஏசிய மனுஷன், அந்தச் சாம்பலுக்காக மட்டும் என்னை இன்றுவரை ஏசியதில்லை.