எந்த மகளைப் பார்க்க நான் டோக்கியோ போனேன்

அன்பு மகள் சினாத்ஸுவுக்கு,

மழைக்காலம் ஒருவழியாக முடிந்து, ஜன்னலுக்கு வெளியே சில்வண்டுகள் காது கிழியக் கத்தத் தொடங்கிவிட்ட இந்நாளில், நீயும் மாப்பிள்ளையும் குழந்தை வகானாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே ஹமாசேயில் நானும் அம்மாவும் நலம். அதாவது நான் நலம். நேற்று மாலை உன்னோடு தொலைபேசியில் பேசியதிலிருந்து அம்மா என்னோடு பேசுவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். டோக்கியோவில் எனக்கு வேறு மகள் கிடையாது. நம்மூர் விமான நிலையத்தில் இனிப்புப் பெட்டியும் கையுமாக இறங்கி வந்த என்னை மறித்து, டீவிக்காரப் பெண் ஒருத்தி மைக்கை நீட்டி, "ஐயா, அடிக்கடி டோக்கியோ போறீங்களாமே, எதுக்குங்க?" என்று கேட்டாள். ஆயுள் முழுக்கக் குடிநீர் வாரியத்தில் பொறுப்பாக வேலை பார்த்தவன், ஊரே பார்க்கும்போது, "திரும்பி வர்றதுக்குத்தாம்மா போறேன்" என்று எப்படிச் சொல்வது? "மகளைப் பார்க்க" என்று வாயில் வந்துவிட்டது. அது டோக்கியோ வரைக்கும் தெரியும் என்று யார் கண்டது? நீ பார்த்துவிட்டு, "அப்பா எந்த மகளைப் பார்க்கப் போறாரும்மா? இங்க ஒரு தடவைகூட வரலையே, பேத்தி மூஞ்சியைக்கூடப் பார்க்கலையே" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டாய். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நேரம் அம்மா கையில் மீன் வெட்டுகிற கத்தி இருந்தது.

நடந்தது இதுதான். டோக்கியோ விமான நிலையம் வளர வளர, நம்மைப் போன்ற ஊர்கள் அதன் கண்ணில் படுவதே இல்லை. அங்கே வந்து இறங்க இடம் கேட்டு உலகமே வரிசையில் நிற்கிறதாம். பெரிய விமானம் வந்து ஊரையே கொட்டிவிட்டுப் போகிற ஓடுபாதையில், ஹமாசேயின் குட்டி விமானம் ஒன்று வந்து ஏழெட்டுக் கிழவர்களையும் நாலு கூடை கணவாயையும் இறக்கினால் யாருக்குத்தான் பிடிக்கும்? இப்படியே பாதி காலியாகப் பறந்தால், அடுத்த வசந்தத்தோடு சேவையை நிறுத்திவிட்டு அது டோக்கியோவில் இறங்குகிற நேரத்தை வேறு பெரிய ஊருக்குக் கொடுத்துவிடுவோம் என்று விமானக் கம்பெனி சொல்லிவிட்டது. விமானம் நின்றால் நீ கைக்குழந்தையோடு ரயிலுக்கு மேல் ரயில் மாறி ஒரு முழுப் பகல் வரவேண்டும். வருவாயா? வரமாட்டாய். உன்னைக் குறை சொல்லவில்லை, நானே வரமாட்டேன்.

அதனால் நம் குடியிருப்போர் சங்கத் தலைவர் ஓனிஸுகா சான் கூட்டம் போட்டார். குப்பை சேர்க்கும் இடத்தைக் கழுவ வீட்டுக்கு வீடு முறை வைத்திருக்கிறோம் இல்லையா, அதே மாதிரி விமானத்துக்கும் முறை வைத்தார். இப்போதெல்லாம் காலையில் தெருவில், "இன்னைக்கு யாரு முறைங்க?" என்றால், "பல் டாக்டர் வீடு குப்பை, குராமோத்தோ வீடு டோக்கியோ" என்று நம் வீட்டையும் சேர்த்துத்தான் பதில் வரும். போன விமானம் கொஞ்ச நேரத்திலேயே திரும்பிவிடும். நாங்களும் அதிலேயே திரும்பிவிட வேண்டும், மாலையில் வீட்டு வேலை இருக்கிறது. ஆக, டோக்கியோவில் நான் மிதித்ததெல்லாம் விமான நிலையத்துக் கம்பளம் மட்டுமே. உன் வீடு எந்தத் திசை என்று கடைக்காரப் பெண்ணிடம் கேட்டு, அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பேன். அந்தப் பக்கம் கழிப்பறைதான் இருந்தது. பரவாயில்லை என்று அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

இதில் இனிப்புத் தொல்லை வேறு. வெளியூர் போனவன் அக்கம்பக்கத்துக்கு ஒன்றும் வாங்காமல் வெறுங்கையோடு வந்தால் மறுநாள் யார் முகத்தில் விழிப்பது? அதனால் முறை வைத்துப் போகிற அத்தனை பேரும் அதே கடையில், அதே காராமணிப் பூரணம் வைத்த பெட்டியை வாங்கி, அதே பெட்டியை வாங்கி வந்த மற்ற அத்தனை பேருக்கும் கொடுக்கிறோம். வாங்கிக்கொண்டவர் சும்மா இருப்பாரா, பதிலுக்கு அவர் ஒன்று தருகிறார். மூலை நசுங்கின ஒரு பெட்டியை ஓனிஸுகா சானுக்குக் கொடுத்தேன், அது தெருவெல்லாம் சுற்றிவிட்டுப் போன வாரம் நம் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. அம்மா பார்த்துவிட்டு, "இன்னொரு பெட்டியோட படியேறுனீங்க, உங்களையும் சேர்த்துக் கட்டி அடுத்த வீட்டுக்குக் குடுத்துடுவேன்" என்றாள். தெருவில் இப்போது சந்தோஷமாக இருப்பவர் பல் டாக்டர் ஒருவர்தான்.

ஆனால் பட்ட பாடு வீண் போகவில்லை. விமானம் நிரம்பி வழிகிறது. ஓனிஸுகா சான் விமான நிலையத்திலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் நீ அம்மாவிடம் சொன்ன இரண்டாவது சேதி வந்து இடித்தது. வகானாவின் நூறாம் நாள் சடங்கை இங்கே வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சீட்டுகூட இல்லையாம். "அந்த ஊருக்கு யாரும்மா இவ்வளவு பேர் போறாங்க? அங்க என்னதான் இருக்கு?" என்று கேட்டாயாமே. நாங்கள்தான், மகளே. அதில் வருவது முழுக்க நம் தெரு. ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பது உன் அப்பன்.

குழந்தைக்கு முதல் சோறு ஊட்ட, தலையும் வாலுமாக முழுச் சங்கரா மீனுக்கு அம்மா சொல்லிவைத்திருக்கிறாள். பல் உறுதியாக முளைக்க வாயில் தொட்டு எடுக்கிற கூழாங்கல்லை நானே கோவில் முற்றத்தில் பொறுக்கி, தேய்த்துக் கழுவி, கொதிக்க வைத்து எடுத்தேன். மனசு கேட்காமல் இன்றைக்கும் ஒரு தடவை கொதிக்க வைத்தேன். எனக்கு அவளைப் பார்க்கவேண்டும், சினாத்ஸு. போட்டோவைத் தடவித் தடவிப் போன் கண்ணாடிதான் தேய்கிறது.

ஆகவே காலையில் என் சீட்டை ரத்து செய்தேன், காலியான இடத்தை அடுத்த நிமிஷமே உன் பெயரில் எடுத்துவிட்டேன். குழந்தை மடியில் வரலாம், அதற்குச் சீட்டு வேண்டாம். விமானக் கம்பெனி அதிகாரிகள் அதே விமானத்தில் வந்து கூட்டத்தை நேரில் பார்க்கப் போகிற நாள் அது. ஓனிஸுகா சானிடம் தலை குனிந்து, "மன்னிக்கணும், பேத்தி வர்றா. இந்த ஒரு தடவை என் முறையை விட்டுடறேன்" என்றேன். அவர் பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சினார். நம்மூரில் 'முடியாது' என்பதை அப்படித்தான் சொல்வார்கள், உனக்குத் தெரியும். ஊர் என்ன சொன்னாலும் சரி, நீ வா.

வெயில் ஏறிக்கொண்டே போகிறது, உடம்பைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளைக்கு என் வணக்கம். வகானாவுக்குத் தாத்தாவின் ஆசி. இனிமேல் டோக்கியோ விமான நிலையத்தில் நான் கால் வைப்பதாக இல்லை, ஆகவே எந்த மகளும் அங்கே என்னைத் தேட வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அப்பா
குராமோத்தோ யோஷிஹெய்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஓனிஸுகா சான் முகம் வெளுத்து ஓடி வந்தார். பேத்தி வருகிற சேதி தெருவுக்குத் தெரிந்துவிட்டதாம். "பச்சைக் குழந்தை வர்ற விமானத்துல நாம நெருக்கியடிச்சு உட்கார்ந்தா அதுக்குத் தொந்தரவு இல்லையா?" என்று ஒவ்வொரு வீடும், அடுத்த வீட்டுக்குச் சொல்லாமல், மரியாதையாகத் தன் சீட்டை ரத்து செய்துவிட்டது. அவரும் செய்துவிட்டார். இப்போது அந்த விமானத்தில் இருப்பது நீயும் கம்பெனி அதிகாரிகளும் மட்டும்தான். ரத்து செய்தவர்களோ, திரும்ப எடுத்தால் குழந்தையை மதிக்காத மாதிரி ஆகிவிடும் என்று கூசுகிறார்கள். ஆகவே மேலே எழுதியதை மறந்துவிடு. நானே டோக்கியோவுக்கு ஏறி வருகிறேன், சேர்ந்தே திரும்புவோம். இந்தத் தடவை வாயிலைத் தாண்டி வெளியே வந்து உங்களுக்காக நிற்பேன். மாப்பிள்ளையையும் கிளப்பு. மேல்மாடிக்காரர், அலுவலகத்துத் தோழிகள், யார் அகப்பட்டாலும் கூட்டி வா. இனிப்பு மட்டும் வாங்காதே. வகானாவை மடியில் வைத்து வரலாம் என்றேனே, அதுவும் வேண்டாம், மடியில் இருந்தால் அவள் ஒரு தலையாகக் கணக்கில் சேரமாட்டாள். அவளுக்குத் தனிச் சீட்டே எடுத்துவிட்டேன், என் பக்கத்தில். அதிகாரிகள் எண்ணி முடித்ததும் அவளைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொள்வேன்.