சன்னலோர மேசைப் படலம்

வாழ்க அகப்பை ஏந்திய அண்ணல்! மூவடுப்புச் செந்தழலை முகஞ்சுளிக்காமல் ஆண்டவர், மூட்டை வெங்காயத்தை ஒரு துளிக் கண்ணீர் சிந்தாமல் அரிந்து குவித்தவர், மார்பை முந்திக்கொண்டு எங்கும் முதலில் நுழையும் மாவயிறு படைத்தவர், மாஸ்டர் என்று மாந்தர் விளிக்கும் அம்மாவீரர் வாழ்க, வாழ்க!

கேளுங்கள் என் கண்ணுகளே. தம் மச்சானின் உணவகத்தில் பல்லாண்டு சமைத்து, தாம் சமைத்ததைத் தாமே உண்டு உண்டு நா மரத்துப்போன அவ்வீரரை, தெருவுக்கு எதிரே இருந்த போட்டிக் கடையின் சூப்பாவி நாள்தோறும் தெருவைக் கடந்து வந்து, காதல் தூதுபோல் மூக்கின் வாயிலில் நின்று அழைத்தது. எத்தனை நாள்தான் பொறுப்பார்? பகற்கூட்டம் வடிந்து மாலைக்கூட்டம் எழாத நண்பகலுக்குப் பிந்திய நல்வேளையில், “மச்சான், இடுப்பு விட்டுப்போச்சு, கொஞ்சம் படுத்துட்டு வரேன்” என்று முழங்கி, மேலங்கியை ஆணியில் மாட்டிவிட்டு, பின்வாசல் வழியே வெளியேறி, துண்டால் முகம் போர்த்து, சுற்றுவழியாகப் பகைவர் கோட்டைக்குள் புகுந்தார்.

அவர் வேண்டியது ஒன்றே: தூணுக்குப் பின்னால், கை கழுவும் தொட்டிக்கு அருகில், பல்பு எரியாத அந்த மூலை மேசை. மச்சான் கண்ணில் பட்டால் வேலை போவது மட்டுமா? அண்ணன் வாயிலிருந்து தங்கை காதுக்குப் போய், வீட்டிலும் அல்லவா அடுப்பு அணைந்துவிடும்!

ஆனால் கதவருகே நின்றாள் கடைக்காரம்மா. வருவோரை ஒரே பார்வையில் எடைபோட்டு இடம் வகுக்கும் வியூகவல்லி! குழந்தைப் பட்டாளத்தைத் தொட்டியருகே நிறுத்துவாள். காதலரைக் கடைசி மூலைக்கு அனுப்புவாள். ஒரே டீயோடு செய்தித்தாளை வரிவரியாகப் படிப்பவரை மின்விசிறிக் காற்று எட்டாத பாலையில் குடியேற்றுவாள். சன்னலோர மேசையோ, கடை வெறிச்சோடிக் கிடக்கும் வேளையில் முதலில் வரும் வளமான வயிற்றுக்கே உரியது. அவர் ரசித்துத் தின்னத் தின்ன, தெருவில் போவோர் கால்கள் தாமாகத் திரும்பும் என்பது அவள் கண்ட போர்நெறி. அன்று கடையில் ஒரு ஈ கூட இல்லை. கடை திறந்துவிட்டால் அடுப்படியை விட்டு வெளியே வராத மாஸ்டரை அவள் முன்பின் பார்த்ததும் இல்லை. அவர் வயிற்றைக் கண்டாள், அகமகிழ்ந்தாள்.

“வாங்கண்ணே! சன்னலோரம் உக்காருங்க.”

“வேணாம் தங்கச்சி. தூணுக்குப் பின்னால போதும்.”

“அங்க தண்ணி தெறிக்கும்ணே.”

“தெறிக்கட்டும்.”

“நாற்காலிக்கு ஒரு கால் ஆடும்.”

“எனக்கும்தான் ஆடுது.”

இடியோடு இடி மோதினாற்போல் இருவரும் மோதினர். கண்ணில் மருந்து போட்டிருப்பதால் வெளிச்சம் ஆகாது என்று அவர் ஒரு கணை தொடுத்தார். “பச்சையா ஒரு மரம் நிக்குது பாருங்க, கண்ணுக்குக் குளிர்ச்சி” என்று அவள் அதை ஒடித்தெறிந்தாள். அவர் தூணைத் தழுவிக்கொண்டு, ஆயிரம் யானை இழுத்தாலும் அசையேன் என்று நின்றார்.

அப்போது விடுத்தாள் அவள் தன் இறுதி அத்திரத்தை. காலையிலேயே காய்ச்சி, மூடிவைத்துச் சுடவைத்திருந்த சூப்பை ஒரு கிண்ணம் வார்த்து வந்து, சன்னலோர மேசையில் வைத்தாள். ஆவி எழுந்தது. மிளகு மணந்தது. ஆயிரம் யானைக்கும் அசையாத கால்கள் ஒரு கிண்ணத்துக்கு நடந்தன.

முதல் கரண்டியில் கண் மூடினார். இரண்டாவதில் மீசை சிலிர்த்தது. மூன்றாவதில் கண் திறந்தவர் கண்ணாடி வழியே கண்ட காட்சியை என்னவென்று சொல்வேன்! எதிரே, அவருடைய மச்சானும் அதே போர்நெறியைக் கற்றவர் அல்லவா, பின்மூலையைக் காட்டிக் காட்டிக் கெஞ்சும் ஒரு தொந்திப்பெருமானைத் தோளைப் பிடித்து அழுத்திச் சன்னலோரம் அமர்த்திக்கொண்டிருந்தார்.

“ஐயையோ! அது எங்க கடைச் சமையல் மாஸ்டர்ல? தலைவலின்னு படுக்கப் போனாரே!” என்று அலறினாள் கடைக்காரம்மா.

“அது எங்க கடை, தங்கச்சி. அங்க சமைக்கிறவன் நான்தான்” என்று கிண்ணத்தைப் பார்த்தபடி மொழிந்தார் வீரர்.

அதே நொடியில் மச்சானும் நிமிர்ந்தார். மைத்துனரைக் கண்டார். சிங்கமென வாய் திறந்தார். அந்தோ, கர்ச்சனை எழுமுன் அவர் கடைக்குள் நுழைந்தது ஒரு கூட்டம். இங்கும் நுழைந்தது இன்னொரு கூட்டம். இரு சன்னல்களிலும் இரு பெருவயிறுகள் பேரின்பத்தோடு உண்பதைக் கண்ட தெரு, வெள்ளமென இருபுறமும் பாய்ந்தது. எங்கள் சமையல்காரரே எதிர்க்கடையில்தான் சாப்பிடுகிறார் என்று இத்தனை பேர் நடுவே எவர் வாய் திறப்பார்? மச்சான் திறந்த வாயை மூடி, கண்ணாடி வழியே கையைக் குவித்து வாயருகே கொண்டுபோய், ‘தின்னுத் தொலை, எழுந்திருக்காதே’ என்று அபிநயித்தார். “நீங்களும் அசையாதீங்கண்ணே, புண்ணியமாப் போகும்” என்று இங்கே இவள் இரண்டாம் கிண்ணம் வைத்தாள். வெங்காயச் சந்தையில் தினமும் மல்லுக்கு நிற்கும் அவ்விரு அகப்பை வீரரும் கண்ணாடிக்குக் கண்ணாடி கரண்டி உயர்த்தி ஒருவரையொருவர் வணங்கினர். நாற்காலிகள் நிறைந்தன. “ரெண்டு சாப்பாடு!” “இங்க நாலு!” என்று ஆணைகள் அம்புமாரியெனப் பறந்து, ஆளில்லாத அடுப்படிகளுக்குள் போய் விழுந்தன.

அன்று இரண்டு கடையிலும் சாப்பாடு வர ரொம்ப நேரமானது.