சீதன வீட்டு வாடகை

தன்னாமுனைச் சந்தியில் அழகரத்தினம் வேறு, அழகரத்தினத்தின் சைக்கிள் கடை வேறு. இரண்டுக்கும் நடுவே நிற்கும் சுவரை எந்தப் பக்கத்து ஷெல்லாலும் உடைக்க முடியாது. இது அழகரத்தினம் யுத்த காலத்தில் உலகத்துக்கு அறிவித்த கொள்கை.

கடைக் காசில் மனைவி புஸ்பத்துக்குப் பேச்சில்லை. அன்றாட உழைப்பை மனைவியிடம் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணிக்குக் காசு கேட்டு நிற்கும் பக்கத்துத் தையல்கடை இராசதுரைக்கு அவர் வைத்த பெயர் 'கையேந்தி ராசா'.

ஒருநாள் காலை, ஆமிச் சென்றிகளில் சோதனைக்கு இறங்கி ஏறி, வரி அதிகாரி வினாயகமூர்த்தி கடைக்கணக்கைப் பரிசோதிக்க வந்துசேர்ந்தார். முதலில் கணக்குக் கொப்பியைத் திறந்தார். பிறகு வாயைத் திறந்தார். வாவிக்கரையில் கொக்குகள் எழும்பிப் பறந்தன.

"கடை வாடகை எண்டு மாசம் ஆயிரம் செலவு போட்டிரிக்கு. கட்டிடம் ஆருட?"

"என்டதான்!" அழகரத்தினம் நெஞ்சை நிமிர்த்தினார்.

"அப்ப கடை உங்களுக்கு வாடகை தந்திரிக்கு. உங்கட சொந்த வரிப் பத்திரத்தில அந்த வருமானத்தக் காணல்லயே?"

"நீங்க பாக்க வந்தது கடைக் கணக்கு. என்ட சொந்தக் கதை வேற."

"கடையில இழுத்தா வீட்டில அசையும் ஐயா. முதலாளி ஒராள்தானே?"

நெஞ்சு கொஞ்சம் இறங்கியது.

"பிழையாச் சொல்லிற்றன். இது மனிசிட சீதன வீடு. முன்னறையத்தான் கடையாக்கின. உறுதிப் பத்திரம் அவட பேரில."

"அப்ப வாடகை அவவுக்கா?"

"ஓம்! மாசா மாசம் கையில குடுக்கிறனான்!"

புஸ்பம் தேத்தண்ணியோடு வந்தாள். எவ்வளவு என்று கேளாமலே அதிகாரிக்கு மூன்று கரண்டி சீனி போட்டுக் கலக்கினாள்.

"தங்கச்சி, வாடகை கிடைச்சதா?"

அழகரத்தினம் கண்ணால் கெஞ்சினார்.

"ஒரு சதம் காணல்ல."

"அப்ப இது பொய்ச் செலவு. வெட்டினா லாபம் ஏறும். லாபம் ஏறினா உங்கட சொந்த வரி ஏறும். மறுகா தண்டம். மூண்டு வருசத்துக்கு."

"புஸ்பம், ஓமெண்டு சொல்லன்!"

"தந்தாச் சொல்லுறன். மூண்டு வருசத்து வாடகை. தராட்டி உங்கட கடையத் தூக்கிக்கொண்டு என்ட முன்னறைய விட்டு வெளிய போங்க."

"அரசாங்கத்துக்கே பயப்படாத என்னையா...?"

"அரசாங்கத்திட்ட உறுதி இல்ல. என்னட்ட இரிக்கு."

மேசையின் காசு லாச்சி காலியானது. சைக்கிள் டியூப்களுக்கு அடியில் ஒளித்திருந்த காசும் வெளியே வந்தது. புஸ்பம் பற்றுச்சீட்டில் கையெழுத்து வைத்தாள்.

"தங்கச்சிட வருமானம் வரி எல்லைக்குக் கீழ. இனி ஆருக்கும் வரியில்ல," என்று முழங்கிவிட்டு அதிகாரி புறப்பட்டார்.

அரசாங்கத்துக்கு ஒரு சதமும் கட்டாமல் தப்பியது வெற்றிதான் என்று அழகரத்தினம் வெறும் லாச்சிக்கு எடுத்துச் சொன்னார்.

மறுநாள் காலை குசினி வாசலில் நின்று, வெளியே கேட்காத குரலில், "புஸ்பம்... தேத்தண்ணிக்கு ஒரு பத்து ரூபா..." என்றார்.

அந்தத் தாளை உள்ளங்கையில் மடித்து மறைத்தபடி தேத்தண்ணிக் கடைக்குள் நுழைந்தார். இராசதுரை அந்தக் கையைப் பார்த்தார். வாங்கில் நகர்ந்து இடம் விட்டார்.

"இரிங்க மச்சான். வரிக் கந்தோர் மூடி, அதிகாரிமார் போய் ஒரு வருசமாகுது. உங்களிட்ட வந்தவர் கதிரவெளிக் கூத்தில எமன் வேசத்துக்கு ஆடுறவர், போன வருசம் எங்கட வீட்டையும் வந்து மூண்டு கரண்டி சீனியோட தேத்தண்ணி குடிச்சவர்."