பரம்பரையில் உண்டா?

றக்வான மலை வளைவுகளில் பஸ் இரண்டு தடவை சாய்ந்தது. பக்கத்து சீட்டுக் குழந்தை ஒரே தடவையில் கிருஷாந்தின் வெள்ளைச் சட்டை முழுவதும் வாந்தி எடுத்தது.

வேறு எந்த நாளாக இருந்தாலும் வீட்டுக்குத் திரும்பியிருப்பான். இன்று முடியாது. பார்க்கின்சன் நோயின் மரபணுக்களை ஆராயும் குழுவில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. இதுவரை முகம் பார்த்திராத சக ஆய்வாளர்களிடம், இரத்தினபுரி ஹோட்டல் ஒன்றில், இன்றுதான் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும்.

பஸ் ஸ்டாண்ட் கடையில் அவன் அளவுக்கு ஒரே சட்டைதான் இருந்தது. தங்கநிறப் பட்டு.

"இது ரொம்ப மின்னுதுங்களே?"

"நல்ல காரியத்துக்குத்தானே போறீங்க? போடுங்க தம்பி," என்றார் கடைக்காரர்.

"கூட்டத்துக்கு வந்தேங்க" என்று அவன் சொல்லி முடிக்குமுன், ஹோட்டல் பணியாளர் முக்தார் சட்டையை ஒரு பார்வை பார்த்தார்.

"தெரியும், தெரியும். ஒங்களத்தான் எல்லாரும் பார்த்துக்கிட்டு ஈக்கிறாங்க!" கீழ்மாடி அறை ஒன்றுக்குள் அவனைத் தள்ளாத குறையாக அனுப்பினார்.

உள்ளே நரைமுடிப் பெரியவர் ஒருவர், கண்ணாடி போட்ட அம்மா ஒருவர், ஓர் இளம்பெண். பெரியவர்தான் குழுத் தலைவர் என்று கிருஷாந்த் முடிவு செய்தான்.

"இருங்கோ தம்பி. உங்களைப் பற்றிச் சொல்லுங்கோ."

"கிருஷாந்துங்க. றக்வான பக்கம் தேயிலைத் தோட்டம். பார்க்கின்சன் நோய் குடும்பத்துல எப்படி வருதுன்னு ஆராய்ச்சி பண்றேன்."

"நல்லது. உங்கட குடும்பத்தில நோய்நொடி ஒண்டும் இல்லைத்தானே?"

பொய்யில் தொடங்க அவனுக்கு மனம் வரவில்லை. "எங்க அப்பாவுக்கே அந்த நோய்தாங்க. அதனாலதான் இந்த வேலைக்கே வந்தேன்."

அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப உங்களுக்கும் வருமோ?"

"அநேகம் பேருக்குப் பரம்பரையா வர்றதில்லைங்க."

"அநேகம் பேரை விடுங்கோ. உங்களுக்கு?"

"வரலாம். வராமலும் போகலாம். சித்தப்பாவுக்கும் இப்ப கை நடுங்குதுங்க."

பெரியவர் இருமினார். வேலை கையைவிட்டுப் போவது கிருஷாந்துக்கே தெரிந்தது. இனி நயமாகப் பேசிப் பயனில்லை. எழுந்து நின்றான்.

"ஐயா, எங்க தோட்டத்துல கை நடுங்கினா குடிகாரன்னு சொல்லிருவாங்க. எங்கப்பா ஒரு சொட்டு குடிச்சதில்ல. அது நோய்னு தெரியவே வருஷக்கணக்காச்சு. இதை நான் விடப் போறதில்லைங்க. மழையில, அட்டைக்கடியில, லயத்து வீடு வீடா ஏறி இறங்கணும். கஷ்டம்தான். உங்களால முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க, தனியாவே போறேன்."

அதுவரை குனிந்திருந்த இளம்பெண் நிமிர்ந்தாள்.

"நான் வாறன்."

"பிள்ளை, யோசிச்சுச் சொல்லு," என்றார் அம்மா.

"யோசிச்சுத்தான் சொல்லுறன். வந்த ஆக்களிலை இவர் மட்டும்தான் ஒண்டையும் மறைக்கேல்லை. எனக்குச் சம்மதம்."

கிருஷாந்துக்குக் கண் கலங்கியது. குழுவில் ஒருவராவது புரிந்துகொண்டார்! "ரொம்ப நன்றிங்க மிஸ். வாற கிழமையே தொடங்கலாங்களா?"

"வாற கிழமையோ?" பெரியவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது முக்தார் மூச்சிரைக்க உள்ளே ஓடிவந்தார்.

"மன்னிச்சுக்கோங்க சேர், ஒங்கட மாப்பிள்ளைய ஆள் மாறி மேல்மாடி டொக்டர்மார்ட கூட்டத்துக்கு அனுப்பிட்டேன், அங்க அவருக்கு ரத்தமும் எடுத்துட்டாங்க!"