ரோஜாப் பாத்திக்குள் போன புல்வெட்டும் வண்டி

கைப்பேசியில் நாலு வீடியோ பார்த்துவிட்டால் போதும், எந்தப் பொருளுக்கும் நான்தான் நிபுணர் என்ற நினைப்பு எனக்கு வந்துவிடும். (மிக்ஸி வாங்கிய கதையைக் கேட்காதீர்கள்.)

சோழவந்தான் பக்கம் நான் கணக்கு டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்தில் பெரிய மைதானம். மழை பெய்தால் புல் முழங்கால் உயரம் வளர்ந்துவிடும். பந்தைத் தேடுவதிலேயே விளையாட்டு பீரியட் முடிந்துவிடும். உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டும் வண்டி ஒன்று வாங்க, தலைமையாசிரியை சிஸ்டர் லூர்து என்னையும் மதுரைக்குக் கூட்டிப் போனார்.

கடையில் நான் சிவப்பு வண்டியில் மயங்கி நின்றேன். டீ டம்ளர் வைக்கக்கூட அதில் இடம் இருந்தது. சிஸ்டர் கடைக்காரரிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "தம்பி, ஓட்டுறவங்க தவறி விழுந்துட்டா என்னாகும்?"

"பச்சை வண்டின்னா, சீட்டுல ஆள் இல்லேன்னா எஞ்சின் தானா நின்னுரும் சிஸ்டர். சிவப்புல அது கிடையாது."

"அப்ப பச்சையே குடுங்க."

"யாரு சிஸ்டர் விழப்போறா?" என்று முணுமுணுத்தேன்.

வண்டி வந்ததும், முதலில் நான்தான் ஓட்டுவேன் என்று அடம்பிடித்தேன். பள்ளிக்கூடமே வேடிக்கை பார்த்தது. என் கணவர் செல்வம் எதிரே நின்று வீடியோ எடுத்தார். பிள்ளைகள் கைதட்ட, நான் பெருமையாக ஒரு கையை விட்டு ஆட்டினேன். வண்டி திரும்பிவிட்டது. பிரேக் என்று நான் மிதித்ததோ வேகம் கூட்டும் பெடல். சிஸ்டர் பார்த்துப் பார்த்து வளர்த்த ரோஜாப் பாத்தியை மொட்டையடித்துவிட்டு, நேராகச் செல்வத்தை நோக்கிப் பாய்ந்தது.

"ஏய் ஜெசி! நிப்பாட்டுடீ!"

அவர் ஓடினார், நான் துரத்தினேன். கடைசியில் மதில் சுவரோடு முதுகு ஒட்டி நின்றார். அலறுவதற்காக நான் எழுந்தேன். (உட்கார்ந்து அலற எனக்கு வராது.) எஞ்சின் பொசுக்கென்று அடங்கியது. அவர் செருப்புக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது.

சிஸ்டர் நடந்து வந்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். என் தலையில் ஒட்டியிருந்த ரோஜா இதழைத் தட்டிவிட்டு, பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"நல்ல வண்டிதான். டீச்சர் நம்ம முன்னாடியே சோதிச்சுக் காட்டிட்டாங்க."

பிறகு என்னிடம் மெதுவாக, "பயம் ஒட்டிக்கிறதுக்குள்ள இன்னொரு ரவுண்டு போங்க. ரோஜா தழைச்சுரும்" என்றார்.

போனேன். கண் கலங்கியதில் பாதை சரியாகத் தெரியவில்லை. செல்வம் பக்கத்திலேயே நடந்து வந்தார் (கொஞ்சம் தள்ளித்தான்). என் கணவரையும் என் மானத்தையும் ஒரே நாளில் காப்பாற்றிக் கொடுத்த சிஸ்டரை நினைக்காமல் இன்றும் நான் ஜெபத்தை முடிப்பதில்லை.

செல்வத்துக்குச் சொந்த ஊர் அலங்காநல்லூர். அந்த வீடியோவைப் பார்க்காத சொந்தக்காரர் அங்கே இல்லை. எந்த விசேஷத்துக்குப் போனாலும் அவர் பெரியப்பா மகன் ஆரம்பித்துவிடுவார்:

"ஏப்பா செல்வம், மாடு வாரப்பகூட நீ இம்புட்டு வேகமா ஓடலையே!"

"மாடுன்னா திமிலைப் பிடிக்கலாம்ணே," என்பார் இவர். "இவளை எங்கிட்டுப் பிடிக்க?"