ரத்த இழப்புத் தடுப்புக் குழுவின் மகத்தான வெற்றி

மண்ணைக் காத்தவர்கள் உண்டு, மானத்தைக் காத்தவர்கள் உண்டு. முதியவர்களின் ரத்தத்தைச் சொட்டுச் சொட்டாகக் காத்த பெருமை அந்த மருத்துவமனையின் 'ரத்த இழப்புத் தடுப்புக் குழு'வுக்கே உரியது. பால் பூத் நடத்தும் ஒரு பெண் அதைக் கண்ணாரக் கண்டவள்.

அவளுடைய அப்பா எண்பது வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். மறுநாளே அறுவை சிகிச்சை. ரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்தை முன்கூட்டியே ஏற்றினார்கள். அறுத்தவருக்கு நல்ல கைராசி. போன ரத்தம் நூறு மில்லிதான். குழுத் தலைவர் அந்த எண்ணைப் பலகையில் எழுதி, எல்லோரையும் கைதட்ட வைத்தார்.

"மூணாம் நாள் எழுந்து நிப்பாரும்மா" என்றார் அறுத்தவர். மகளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஆனால், இழப்பு தடுக்கப்பட்டதை நிரூபிக்க வேண்டாமா? நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, எட்டுக் குழாய் ரத்தம் எடுப்பதென்று தீர்மானம் 'ஏகமனதாக' நிறைவேறியது. முதியவரை யாரும் கேட்கவில்லை.

"பெரியவரே, கையை நீட்டுங்க" என்றார் ஊசிக்காரர்.

"இப்பத்தானேப்பா எடுத்தே?"

"அது குழுவுக்கு. இது துணைக்குழுவுக்கு."

முதியவர் பாவம், நீட்டினார். பால் அளந்தே பழகிய மகளுக்குக் கண்ணே அளவுகோல். இரண்டாம் நாள் முடிவதற்குள் கணக்குப் போட்டுவிட்டு ஊசிக்காரரை மறித்தாள்.

"ஏங்க, அறுத்தப்பவே நூறுதான் போச்சு. நீங்க அரை லிட்டர் எடுத்துட்டீங்களே?"

"அது இழப்பும்மா. இது டெஸ்டுக்கான சாம்பிள். சாம்பிளெல்லாம் கணக்குல வராது."

மூன்றாம் நாள் முதியவரை எழுப்பி நிறுத்தினார்கள். இரண்டு நொடி நின்றார். கண் செருகி, மகளின் தோளிலேயே சரிந்தார். உதடு சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

குழு ஓடோடி வந்தது. வந்த கையோடு இன்னும் எட்டுக் குழாய் எடுத்துப் பார்த்துவிட்டு, தலைவர் கவலையோடு சொன்னார்:

"ரத்தம் ரொம்பக் குறைஞ்சிருக்கு. சொந்தக்காரங்க யாராவது தரணும். ஆனா பயப்படாதீங்க, எங்க நூறு மில்லி சாதனைக்கு ஒரு பாதிப்பும் இல்ல."

மகள் கையை நீட்டினாள்.

"எடுத்துக்குங்க டாக்டர். அறுத்தவர் கையில எங்கப்பா பிழைச்சுட்டாரு. காப்பாத்த வந்த உங்க கையில இருந்துதான் இனி அவரைக் காப்பாத்தணும்."