பாட்டில் சாமியின் மஞ்சள் துணி

அந்த வருஷம் வண்டலூரில் ரயிலை விட்டு இறங்கியவர்களில் பாதிப் பேர் புலி பார்க்கப் போனார்கள். மீதிப் பேர் கையில் பாட்டிலோடு வேதாசலத்தைப் பார்க்கப் போனார்கள். புலியாவது கூண்டுக்குள் இருந்தது.

வேதாசலம் என்றால் யாருக்கும் தெரியாது. பாட்டில் சாமி என்றால் தாம்பரம் முதல் கூடுவாஞ்சேரி வரை தெரியும். குழந்தைக்கு நீர்க்கடுப்பா? படுக்கையை நனைக்கிறதா? காலைச் சிறுநீரைப் பாட்டிலில் பிடித்து, தட்சணையோடு கொண்டுபோக வேண்டும். சாமி அதை மஞ்சள் தோய்த்த துணியில் ஊற்றிக் கட்டைவிரலால் தேய்ப்பார். சிவந்தால் கன்னிமார் சாபம். சிவக்காத துணியை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

எக்ஸ்போர்ட் கம்பெனியில் பொத்தான் தைக்கும் செல்லம்மாவும் போனாள். அவளுடைய ஐந்து வயது மகள் அருள்மேரி ஒன்றுக்குப் போகும்போதெல்லாம் எரிகிறதென்று அழுதாள்; காய்ச்சல் வேறு. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம்தான். சாமி மதம் பார்ப்பதில்லை, தட்சணை மட்டும்தான் பார்ப்பார். என்ன பெரிய மனசு!

துணி சிவந்தது. "கன்னிமார் மரத்தாண்ட ஒன்னுக்குப் போயிருக்குது உம்பொண்ணு. வேளைக்கு ரெண்டு வாய் கஞ்சி குடு. தண்ணி மட்டும் காட்டாதே. மூணு நாள் கழிச்சி பாட்டிலோட வா."

மூன்று நாளும் அருள்மேரி "தண்ணி தாம்மா" என்று கெஞ்சினாள். பெற்றவள் பானையை மூடி வைத்தாள்.

நாலாம் நாள் காலையில் பாட்டிலில் பிடிக்க ஒரு சொட்டும் வரவில்லை. தண்ணீர் காட்டாத உடம்பிலிருந்து என்ன வரும்? வெறும் பாட்டிலோடு போனால் சாமி கோபிப்பாரே என்று பயந்து, பால் விடாத வெளிறிய டீத்தண்ணியை அதில் ஊற்றிக்கொண்டு, குழந்தையைத் தோளில் போட்டபடி ஓடினாள்.

சாமி ஊற்றினார், தேய்த்தார். செக்கச்செவேல்!

"சாபம் மூத்திரப்பை வரைக்கும் ஏறிகினு கீது! இன்னும் மூணு நாள் தண்ணி கூடாது."

தோளில் குழந்தை நெருப்பாய்க் கொதித்தது. செல்லம்மா துணியையே பார்த்தாள். விரல் தேய்த்த இடம் மட்டும்தான் சிவந்திருந்தது. சுற்றிலும் ஈரம் மஞ்சளாகவே கிடந்தது.

"சாமி, அது டீ."

"இன்னாது?"

"டீத்தண்ணி. டீக்குமா சாபம் புடிக்கும்?"

கூட்டம் அவள்மேல்தான் பாய்ந்தது. "சாமியவே சோதிக்கிறியா?"

"கையை நல்லாக் கழுவிட்டு வேற மஞ்சத் துணியில இதையே ஊத்தித் தேய்க்கச் சொல்லுங்க. செவந்தா நானே கால்ல வுழறேன்."

சாமி கையை மடியில் மறைத்தார். வரிசையில் நின்ற பூக்காரி கிளியம்மாள் அதை வெளியே இழுத்தாள். நகக்கண் முழுக்க வெற்றிலைச் சுண்ணாம்பு.

"அடப்பாவி! இது ஆரத்தி கரைக்கிற வேலையாச்சே!"

சாமி கொல்லைப்புறமாக ஓடினார்.

தாம்பரத்தில் டாக்டர் முதலில் குளுக்கோஸ் ஏற்றி, பிறகு வந்த சிறுநீரைச் சோதித்துப் பார்த்துவிட்டு, கிருமி என்றார். மருந்து எழுதினார். நிறையத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கிட்னியே போயிருக்கும்மா." அருள்மேரி மூன்று டம்ளர் குடித்தாள். ஒவ்வொரு டம்ளருக்கும் செல்லம்மா அழுதாள்.

அந்தக் கூட்டத்தில் ஆரத்தி கரைக்கத் தெரியாத பெண் ஒருத்தியும் இல்லை. வீட்டில் மஞ்சளையும் சுண்ணாம்பையும் கலந்து சிவக்க வைத்தவர்கள்தான், அதே சிவப்பை வேதாசலம் காட்டியதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். உங்கள் கைக்குத் தெரிந்ததை மூளைக்கும் கொஞ்சம் சொல்லி அனுப்புங்கள், தாய்மார்களே. குழந்தை தண்ணீர் கேட்டால் கொடுங்கள். அதற்கு எந்தச் சாமியின் உத்தரவும் வேண்டாம்.